சத்தம் போடாத மாவு மில்

மில்லை ஓடவிட்டுவிட்டு நிர்மலாதேவி வெளியே வந்து, பக்கத்து வீட்டுச் சுவரோரம் செல்போனை நீட்டிப் பிடித்தபடி மூச்சுகூட விடாமல் நிற்கிறார். திரையில் சத்தத்தை அளக்கும் முள் ஆடுகிறது. அறுபதுக்குக் கீழே இறங்கினால் முகம் மலர்கிறது. ஏறினாலோ, ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட்டம்.

காரிமங்கலத்தில் மாவு மில் நடத்தும் இவருக்கு எந்த மிஷின் முனகினாலும் பொறுக்காது. விருந்துக்குப் போன வீட்டில் ஃபிரிட்ஜ் கடகடத்தால், சாப்பாட்டை விட்டு எழுந்து, கைப்பையிலிருக்கும் சைக்கிள் டியூப் துண்டை அதன் காலுக்கடியில் சொருகிவிட்டுத்தான் மறுபடி உட்காருவார். "காலு சமமா நிக்கலைன்னா அது பாவம் என்னங்க பண்ணும்?" என்று ஃபிரிட்ஜுக்குப் பரிந்துகொண்டு வேறு வருவார். பேங்கில் கிறீச்சிட்ட ஃபேனைச் சரிபார்க்க ஸ்டூல் கேட்டு, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

இத்தனை கூர்மையான காதில் சொந்த மில்லின் இரைச்சல் மட்டும் விழவே இல்லை. என்ன அநியாயம் பாருங்கள்! பக்கத்து வீட்டுச் சுகுணா பிரசவமாகித் தாய்வீட்டுக்கு வந்தவள், ஒருநாள் கைக்குழந்தையோடு மில் வாசலில் நின்று அழுதேவிட்டாள்.

"மில்லு ஓட ஆரம்பிச்சாப் போதுங்கக்கா, இவன் வீல்னு கத்தறான். நான் கண்ணை மூடியே எத்தனை நாளாச்சுங்க!"

நிர்மலாதேவிக்கு மனசு கேட்கவில்லை. அதற்காக மில்லை நிறுத்த முடியுமா? அதுதானே சோறு போடுகிறது. அன்றைக்கே வேலையில் இறங்கினார். தேய்ந்த பேரிங்கை மாற்றினார். தளர்ந்த போல்ட்டுகளை முறுக்கினார். லாரி டயரை வெட்டி மிஷினுக்கு அடியில் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை சுவரோரம் ஓடிப்போய் அளந்து பார்த்தார். கடைசியில் குழந்தை தூங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே சுகுணாவும் தூங்கிப்போனாள்.

அப்புறம்தான் வந்தது வினை. சந்தை நாளில் ராகி மூட்டையோடு வருகிறவர்கள் தெருமுனையிலேயே நின்று காது கொடுத்துப் பார்த்தார்கள். "கரண்ட்டு இல்லையாட்டம் இருக்குது, வா போலாம்" என்று திரும்பிவிட்டார்கள். மில் ஓடுகிறது என்பதற்கு ஊருக்குத் தெரிந்த ஒரே அடையாளம் அந்த இரைச்சல்தானே! உள்ளே எதிர்வீட்டுச் செல்லி கொண்டுவந்த கம்பு மட்டும் அரைபட்டுக்கொண்டிருந்தது. இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று நிர்மலாதேவி வாசலுக்கும் மிஷினுக்குமாக நடந்தார்.

வருஷக்கணக்காக இங்கேயே அரைக்கும் காளியப்பனும் தெருமுனை வரை வந்து திரும்புவதைக் கண்டதும் அவருக்குத் தாங்க முடியவில்லை. தெருவுக்கு ஓடிவந்தார்.

"அண்ணா! மில்லு ஓடுதுங்கண்ணா! வாங்க!"

பக்கத்து வீட்டில் குழந்தை வீறிட்டது. மில்லுக்கு எழாத பிள்ளை இவர் குரலுக்கு எழுந்துவிட்டது! நிர்மலாதேவி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முனையில் நின்ற காளியப்பன் காதருகே கையைக் குவித்தார். "என்னம்மா? கேக்கலியே!"

பதில் சொல்லத் திறந்த வாயைச் சட்டென்று மூடிக்கொண்டு, நடுத்தெருவில் நின்றபடி, மாவு அப்பிய இரண்டு கைகளையும் நீட்டி, திரிகை சுற்றுவதுபோல் சுற்றிச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தார் நிர்மலாதேவி.