தடைக்காலத்தில் எடுத்த ஐஸ்: ஒரு கையெழுத்துக்காகக் காரைக்கால் போய் வந்தது

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கும்பகோணத்திலிருந்து காரைக்காலுக்குப் போனேன். கோயிலுக்கு அல்ல, கடலுக்கும் அல்ல. ஒரு கையெழுத்து வாங்க. ஐடிஐ முடித்து, அப்ரண்டிஸ் இருந்து, வெளிநாட்டில் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பினால் என் அளவுக்கு அசடு வழிய வேண்டியிருக்காது.

நான் ஏசி, ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வயது இருபத்தாறு. ஐடிஐ முடித்ததும் காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் பிளாண்டில் ஒரு வருடம் அப்ரண்டிஸாக இருந்தேன். ஜெர்மனியில் ஒரு நிறுவனம் மூன்றரை வருடப் பயிற்சிக்கு என்னைப் பரிசீலித்தது. அங்கே பயிற்சியில் இருப்பவர் தான் செய்த வேலையை வாராவாரம் ஒரு நோட்டில் எழுத வேண்டும். சொல்லிக்கொடுப்பவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நோட்டு இல்லாவிட்டால் கடைசித் தேர்வில் உட்கார விடமாட்டார்களாம். உங்கள் ஊரில் எழுதியதை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை கடைசி நாள்.

நம் ஊரில் ரெக்கார்டு நோட் எப்படி எழுதுவோம் என்று உங்களுக்கே தெரியும். ஐடிஐயில் என் ரெக்கார்டை நான் சீனியரைப் பார்த்து எழுதினேன். அவர் அவருடைய சீனியரைப் பார்த்து எழுதியிருந்தார். முதலில் வேலையைச் செய்துவிட்டு எழுதிய புண்ணியவான் யாரோ, கடவுளுக்கே வெளிச்சம். அப்ரண்டிஸ் வருடத்துக்கு அதுகூட இல்லை, ஒரு சான்றிதழ் மட்டும்தான். ஆகவே பத்து நாள் உட்கார்ந்து ஐம்பத்திரண்டு வாரத்தையும் நானே எழுதினேன். பழசாகத் தெரியட்டும் என்று மூன்று பேனா மாற்றினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

காலை 6.10க்குப் பேருந்து. டிக்கெட் 58 ரூபாய், தூரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம், சனிக்கிழமையாக இல்லாவிட்டால். திருநள்ளாற்றில் மட்டும் முப்பத்தைந்து நிமிடம் நின்றோம். காரைக்கால் சேர்ந்தபோது 8.50. இட்லியும் காபியும் 55 ரூபாய்.

துறைமுகத்துக்கு ஆட்டோ 120 ரூபாய். ஓட்டுநர் சிங்கப்பூரில் பதினோரு வருடம் வெல்டராக இருந்தவர். எதற்கு வந்தேன் என்று சொன்னதும் சிரித்தார்.

"அங்க ஒரு பேப்பரும் கேக்கலம்மா. ரெண்டு இரும்பத் தந்து ஒட்டுன்னாங்க. ஒட்டுனேன். வெட்டிப் பாத்தாங்க, உள்ள ஓட்டை இல்ல. வேலை தந்துட்டாங்க."

"நல்ல முறைதானேங்க?"

"அங்க நல்லதுதான். திரும்பி வந்தப்ப இங்க சர்ட்டிபிகேட் கேட்டாங்க. ஒட்டுன கப்பலையா தூக்கிட்டு வர்றது?"

பிளாண்டில் சகாயராஜ் அண்ணன்தான் ஃபோர்மேன். நாற்பது வயதுகூட இருக்காது. அப்ரண்டிஸ் வருடம் முழுக்க அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தேன். கொண்டுபோன அல்வாவையும் நோட்டையும் நீட்டினேன். அல்வாவை ஓரமாக வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினார். பாதிக்கு மேல் போனதும் நிறுத்தினார்.

"தங்கச்சி, முப்பத்தெட்டாவது வாரம் என்ன எழுதிருக்கன்னு படி."

'ஐஸ் கட்டிகளை எடுக்கும் முன் உப்புநீர்த் தொட்டியின் வெப்பநிலையை அளந்தேன்' என்று படித்தேன்.

"ஆகஸ்ட்டுல சேந்த. அப்ப முப்பத்தெட்டுன்னா ஏப்ரல் கடைசி. போட்டெல்லாம் கரையில கெடக்குது, பிளாண்டே ஓடல. நீ எந்த ஐஸ எடுத்த?"

ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸுக்கு ஆள் கிடையாது. காரைக்காலில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். கும்பகோணத்தில் உட்கார்ந்து எழுதியவளுக்கு மறந்துபோனது. ஒன்பது வாரம் இல்லாத ஐஸை விதவிதமாக எடுத்திருந்தேன்.

அவர் சிரித்திருந்தால் பரவாயில்லை. சிரிக்கவில்லை.

"வருசா வருசம் நாலு பேரு வர்றீங்க. நானும் படிக்காமதான் போட்டுக் குடுத்தேன். எங்க அக்கா மவ பிரான்ஸ்ல இதே வேலைதான் கத்துக்குறா. ரெண்டு வாரம் கடையில, ஒரு வாரம் பள்ளிக்கூடத்துல. அவளுக்கும் ஒரு நோட்டு இருக்கு, வீடியோவுல காமிச்சா. அவ தப்பா செஞ்சது அதுல இருக்கு. சொல்லிக் குடுக்குறவரு எழுதுனதும் இருக்கு. ஒன் நோட்டுல நான் எங்க இருக்கேன்?"

செவ்வாய்க்கு மூன்றே நாள். கையெழுத்து இல்லாமல் போனால் ஜெர்மனி அவ்வளவுதான். அவரே நோட்டை என்னிடம் திருப்பி நீட்டிச் சொன்னார்: "அந்த ஒம்பது வாரம் உண்மையா என்ன செஞ்சியோ அத எழுது. போடுறேன்."

உண்மையில் அந்த ஒன்பது வாரத்தில்தான் நான் தொழில் கற்றேன். நிறுத்திய கம்ப்ரசரைப் பிரித்தோம், கண்டென்சரில் உப்பு சுரண்டினோம், வால்வுகளைக் கழற்றி மாட்டினோம். பாடத்திட்டத்தில் இந்த வரிசையில் இல்லையே என்று விட்டிருந்தேன். இதை என்னவென்று சொல்ல! கவிழ்த்துப் போட்ட ஐஸ் கேன் மேல் உட்கார்ந்து 10.15க்கு எழுத ஆரம்பித்தேன்.

அந்த ஒன்பதில் ஐந்தாவது வாரத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அந்த வாரம் நான் ஒரு குழாய் இணைப்பைக் கழற்றியபோது உள்ளே இருந்த அமோனியா, ஐஸ் உறைய வைக்கும் வாயு, குபுக்கென்று வெளியே வந்தது. எல்லோரும் கண்ணெரிய, மூச்சுத் திணற ஓடினோம். சகாயராஜ் அண்ணன்தான் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடினார். யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. முதலாளி ஊரில் இல்லை, அவர் காதுக்கும் போகவில்லை. வால்வு மூடியிருக்கிறதா என்று பார்க்காமல் கழற்றியது என் தப்பு என்று நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அத எழுதவா?"

அவர் கம்ப்ரசர் பக்கம் போய்விட்டார். நான் எழுதினேன். இரண்டு மணிக்கு வந்து நோட்டை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். ஐந்தாவது வாரத்தில் மட்டும் கையெழுத்துக்கு மேலே எழுதினார்: '"வால்வை மூடிவிட்டேன், கழற்று" என்று சொன்னது நான். போய்ப் பார்க்காமல் சொன்னேன். இந்தப் பெண் மேல் தப்பு இல்லை.'

முதலில் கோபம்தான் வந்தது. நான்கு வருடத்தில் ஒரு நாள் சொல்லியிருக்கலாமே. பிறகு, இது முதலாளி கைக்குப் போனால் இவர் வேலை என்னாகும் என்று பயம் வந்தது. "வேணும்னா இந்தப் பக்கத்த அனுப்பலண்ணே" என்றேன். "எழுதுனது அனுப்பத்தான்" என்றார். 3.40 பேருந்தில் திரும்பினேன்.

ஜெர்மன் மொழிபெயர்ப்புக்குப் பக்கம் ஒன்றுக்கு 600 ரூபாய். இட்டுக்கட்டி எழுதிய மற்ற வாரங்களை எடுத்துவிட்டேன், ஐம்பத்திரண்டு வாரத்துக்குப் பதில் ஒன்பது வாரம் மட்டும் போனது. வீடியோ நேர்காணலில் அவர்கள் அந்த ஐந்தாவது வாரத்தையே பிடித்துக்கொண்டார்கள். கசிவுக்குப் பிறகு பிளாண்டில் என்ன மாற்றினீர்கள் என்றார்கள். ஒன்றும் மாற்றவில்லை, யாரிடமும் சொல்லவில்லை என்றேன். போச்சு என்றுதான் நினைத்தேன். ஆறாம் நாள் இடம் கிடைத்தது, ஆனால் முதல் வருடத்திலிருந்து. இங்கே இருந்த ஒரு வருடம் கணக்கில் வராது. வருத்தம்தான். ஆனாலும் போகிறேன்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை திருநள்ளாறு வழியாகப் போகாதீர்கள். ஃபோர்மேனுக்கு முந்தின நாளே போன் செய்யுங்கள். படகு வரும் நேரத்தில் யாருக்கும் பேச நேரம் இருக்காது. இப்போது அப்ரண்டிஸில் இருக்கிறவர்கள் இந்த வாரமே ஒரு நோட்டு வாங்குங்கள், சொல்லிக்கொடுப்பவர் எழுத இடம் விட்டு எழுதுங்கள். வருடம் முடிந்தபின் எழுதினால் என்னைப் போல ஐஸ் எடுப்பீர்கள்.

இடம் கிடைத்ததைச் சொல்ல அண்ணனைக் கூப்பிட்டேன். சந்தோஷம் என்றார். பிறகு, "அந்தப் பக்கத்தப் படிச்சாங்களா?" என்று கேட்டார்.

"படிச்சாங்கண்ணே. அப்புறம் என்ன மாத்துனீங்கன்னு கேட்டாங்க. ஒண்ணும் மாத்தலன்னு சொல்லிட்டேன்."

பின்னால் கம்ப்ரசர் ஓடுவது கேட்டது.

"நீ வந்துட்டுப் போனதுக்கு அடுத்த திங்கக்கிழமையே முதலாளிகிட்ட சொல்லிட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். வால்வுக்கெல்லாம் பூட்டு வந்துருச்சு. யாரு கழட்டுறாங்களோ அவங்ககிட்டதான் இப்ப சாவி."