பீர் மைதீன் கையில் எரியும் வாட்ச்

ஐந்தருவி சாலையில் இருக்கும் எங்கள் ஹோட்டலுக்குப் புரோட்டா மாஸ்டர் பீர் மைதீன். நான் கல்லாவில் உட்காருபவன். சாரல் சீசன் கூட்டத்தில் எனக்கு எல்லார் மேலும் எரிச்சல் வரும். அவர் மேல் மட்டும் வந்தது கிடையாது, அந்த வாட்ச் வரும்வரை.

அது, அரபு நாட்டில் தம்மாமில் வேலை பார்க்கும் அவர் மகன் ரிஃபாத், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டது. வீட்டில் பீர் மைதீன் ஒற்றை ஆள். போன வருஷம் மனைவி மௌத்தானபோது மகனால் வர முடியவில்லை. அடக்கத்தைப் போனில்தான் பார்த்தான். இந்த வருஷம் எப்படியும் வருவதாக லீவு கேட்டிருந்தான். "கெடச்சதும் மெசேஜ் போடுதேன் வாப்பா. போனை எடுக்கக்கூட வேண்டாம், வாட்சுலயே தெரியும்" என்றானாம்.

எண்ணெய் படாமலிருக்க வாட்ச் மேல் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டார். மாவை வீசினால் மணிக்கட்டு திரும்பும். வாட்ச் பளிச்சென்று எரியும். மெசேஜ்தான் வந்துவிட்டது என்று மனுஷன் குனிந்து பார்ப்பார். மணிதான் தெரியும். அடுத்த வீச்சுக்கும் எரியும், அடுத்த வீச்சுக்கும் குனிவார். கல்லில் கிடப்பது கருகும். கருகலுக்குத் திட்டு வாங்குவது கல்லாவில் இருக்கும் நான்தானே?

இதில் வேடிக்கை, கூட்டம் ஓய்ந்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆசையாகக் கையை மெல்லத் தூக்கினால் அது எரியவே எரியாது. "ஆடுத மாட்ட ஆடித்தான் கறக்கணும் மாஸ்டர், வெறுங்கையால ரெண்டு வீச்சு வீசுங்க" என்று கேலி செய்வேன். அவர் நிஜமாகவே வீசுவார். எரியும். மணி மட்டும் இருக்கும்.

பொறுக்க முடியாமல் எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் ஜோயலிடம் நானே கூட்டிப் போனேன். "கை அசைஞ்சா எரியுத செட்டிங் பாய். ஆஃப் பண்ணிட்டேன். இனி மெசேஜ் வந்தா மட்டுந்தான் எரியும்" என்றான் அவன்.

மறுநாள் ஒரு புரோட்டாவும் கருகவில்லை. எனக்கு நிம்மதி. ஆனால் அவர் ஆளே சுருங்கிப்போனார். பேச்சு குறைந்தது, டீ வைத்தால் ஆறிப்போகும். "ஒரு தடவகூட எரியல, பாத்தீங்களா அண்ணாச்சி" என்றார். நல்லது செய்வதாக நினைத்து என்னத்தையோ கெடுத்துவிட்டோமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாலைந்து நாள் கழித்து, மத்தியானக் கூட்டத்தில், சுட்ட புரோட்டாக்களை அடுக்கி இரண்டு கையாலும் அடித்து உதிர்க்கும்போது வாட்ச் எரிந்தது. அவர் கை அப்படியே நின்றது. கவரைத் துடைத்து வாசித்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"லீவு இல்லன்னுட்டாங்க வாப்பா. அடுத்த வருஷம் பாப்போம்."

அவர் அழவில்லை. மிச்சப் புரோட்டாவையும் உதிர்த்துக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவி, சாரலில் நனைந்தபடி சாலையைத் தாண்டினார். நானும் பின்னாலேயே போனேன்.

"பழையபடியே ஆக்கிருங்க ஜோயல்."

"சும்மா சும்மா எரியுமே பாய்? மெசேஜ் ஒண்ணும் இருக்காதே."

"மெசேஜுதான் வந்துட்டுல்லா" என்றார் பீர் மைதீன். "இனி எரியும்போதெல்லாம் அவன்தான் கூப்பிடுதான்னு நெனச்சுக்கிடுதேன். அணைஞ்சு கெடந்தா அதுக்கும் வழியில்லயே."