களத்தில் நின்ற கை

சாமை வாங்க ஜவ்வாது மலைக்கு வேனில் போகிற நாளெல்லாம் நான் கோபத்தோடுதான் சந்தவாசல் திரும்புவேன். காரணம் துரைக்கண்ணு. இரண்டு ஏக்கர் சரிவு நிலம், ஒரு ஓட்டு வீடு; அதற்குமேல் எதற்கும் ஆசைப்படாத மனிதர்.

களத்தில் குவித்த சாமையை மரக்காலில் அளப்பார். ‘ஒன்று’ என்பதற்குப் பதில் ‘லாபம்’ என்று தொடங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும். பிறகு சரிகிற மணிகளில் வெயில் பட்டு மின்னும். கை அப்படியே நின்றுவிடும்.

“இன்னாங்க, எத்தினி ஆச்சு?” என்பேன்.

“கணக்கு வுட்டுப்போச்சுங்க. ஒரு மொறம் வெதைச்சேன். இம்மாம் குடுத்திருக்குதே!”

மறுபடி ‘லாபம்’ என்று முதலிலிருந்து தொடங்குவார்.

எரிச்சலில் ஒருமுறை மின்னணுத் தராசைக் கொண்டுபோனேன். அதை மரியாதையாக ஓரத்தில் வைத்தார்.

“இதுல மூட்டைதாங்க தெரியுது. சாமை தெரியலியே.”

இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. குவியல் முழங்கால் உயரம்கூட இல்லை. இதில் வியக்க என்ன இருக்கிறது, சீக்கிரம் கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். பாதியிலேயே கை நின்றது.

“மழையே இல்லீங்க. அப்பவும் குடுத்திருக்குது பாருங்க” என்று உள்ளங்கையை நீட்டினார்.

பார்த்தேன். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள். வெறும் கல்லும் வெயிலுமாகக் கிடந்த சரிவிலிருந்து வந்தவை. இத்தனை வருடம் நான் மூட்டைகளைத்தான் ஏற்றியிருக்கிறேன்.

“எத்தினி ஆச்சுங்க?” என்று இந்த முறை அவர் கேட்டார்.

எனக்கும் மறந்துபோயிருந்தது.