கரச்சில் மாறும்

பிரசவ வார்டில் பெருக்கிக்கொண்டிருந்த சேச்சி ஒவ்வொரு கட்டிலுக்கும் அடியில் குனிந்து துடைப்பத்தால் துழாவினார். “பூச்ச கேறியிட்டுண்டு” என்று எல்லோரிடமும் சொன்னார். பூனை புகுந்துவிட்டதாம். நான்காவதாக என் கட்டிலருகே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பூனைச் சத்தம் என் குழந்தையிடமிருந்து வந்துகொண்டிருந்தது. துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

இது எழுபதுகளின் நடுவில். சுமதி பிறந்தபோது இரண்டு கிலோ கூட இல்லை. தலை சிறியது, கண்கள் சற்றுத் தள்ளித் தள்ளி இருந்தன. பால் உறிஞ்சத் தெரியவில்லை. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் பேசுகிறவர்களுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கிறவள். நாள் முழுக்கக் குரல் கேட்டே பிழைக்கிறவளுக்கு அந்த அழுகை சரியில்லை என்று தெரியாதா? முதல் நாளே தெரிந்தது. சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“எடை கூடினா எல்லாம் சரியாயிடும், ராஜம்” என்றார் என் கணவர். அவர் மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கில் குமாஸ்தா. எல்லாவற்றையும் தராசில் வைத்தே பார்ப்பார்.

வீட்டுக்கு வந்த பெண்கள் வேறு விதம். “மாசமா இருக்கச்சே பூனையை அடிச்சியா? தாண்டினியா?” என்று கேட்டார்கள். மட்டாஞ்சேரியில் பூனையைத் தாண்டாமல் யார் தெருவில் இறங்க முடியும்? கிடங்குக்குக் கிடங்கு பூனை. அவர்கள் கணக்குப்படி இந்த ஊரில் பாதிப் பேர் மியாவ் என்றுதான் பேச வேண்டும். வந்த எரிச்சலில் ஒருநாள் இதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். அதன்பின் கொஞ்ச நாள் யாரும் வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

மூன்று டாக்டர்கள் மூன்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். நான்காவது, எறணாகுளத்தில் ஒரு குழந்தை மருத்துவர். காயலில் போட் ஏறி அக்கரை போனோம். குழந்தை அழுததும் நான் தோளில் போட்டுத் தட்டப் போனேன். “வேண்டா, கரயட்டெ” என்றார். அழட்டும் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேட்டார். பிறகு ரத்தம் எடுத்து வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார். முதலில் அனுப்பியது வழியிலேயே கெட்டுப்போயிற்று. அந்தக் குச்சிக் கையில் இரண்டாவது முறையும் ஊசி குத்தினார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஐந்தாவது குரோமோசோமில் (உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூல்போல இருப்பது, உடம்பு எப்படி வளர வேண்டும் என்ற குறிப்பு அதில்தான் இருக்கிறது) ஒரு துண்டு இல்லை. புத்தகத்தில் ஒரு பக்கத்தின் மூலை கிழிந்துபோன மாதிரி என்றார் டாக்டர். அந்தத் துண்டு இல்லாததால் குரல்வளை (தொண்டையில் ஒலி உண்டாகும் பகுதி) சரியாக உருவாகவில்லை. அதனால்தான் அந்த அழுகை. எங்கள் இருவரின் ரத்தத்தையும் சோதித்தார்கள். எங்களிடம் குறை இல்லை, தானாக நேர்ந்தது. பூனையும் குற்றவாளி இல்லை.

கடைசியாக டாக்டர் சொன்னார்: “குறச்சு வலுதாகும்போள் ஈ கரச்சில் மாறும்.”

இந்த ஒரு சொல்லில்தான் நாங்கள் குப்புற விழுந்தோம். குறச்சு வலுதாகும்போள் என்றால் கொஞ்சம் பெரியவளாகும்போது, கரச்சில் என்றால் அழுகை. மாறும் என்றால் மலையாளத்தில் வேறாகும் என்றும் பொருள், நோய் குணமாகும் என்றும் பொருள். எங்கள் வீட்டுத் தமிழில் பாதி மலையாளம், “ஜுரம் மாறித்தா?” என்றுதான் கேட்போம். போதாததற்கு, சுமதியின் நோய்க்கு வாயில் நுழையாத பெயர் என்பதால் வீட்டில் அதைக் ‘கரச்சில்’ என்றே சொல்லிப் பழகியிருந்தோம். கரச்சில் மாறும் என்றால் வேறென்ன நினைப்போம்? மாதாமாதம் வரச் சொன்னதும், கை கால் பயிற்சி எழுதிக் கொடுத்ததும் மேசை இழுப்பறைக்குப் போயின.

“தானே மாறப் போறது. பின்னே எதுக்குக் குழந்தையைப் படுத்தறது?” என்றார் என் கணவர்.

இரண்டு வயது தாண்டியதும் நிஜமாகவே அழுகை மாறியது. எல்லாக் குழந்தைகளையும் போல அழுதாள். “மாறியாச்சு, ராஜம், மாறியாச்சு!” என்று அவர் குதித்தார். பால் பாயசம் வைத்துப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம். பழியை அவர்மேல் மட்டும் போட்டால் அது பொய். குரலை வைத்தே ஆளை அறிகிறவள் என்ற என் கர்வமும் கூடச் சேர்ந்து ஏமாந்தது. குரல் சரி, ஆகவே குழந்தை சரி என்று நானும் இருந்துவிட்டேன்.

நான்கு வயது நெருங்கியது. நடக்கவில்லை. ஒரு சொல் இல்லை. மறுபடி போட் ஏறினோம்.

“இத்ர நாள் எவிடெயாயிருந்நு?” என்றார் டாக்டர். இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று.

“மாறும்னல்லே டாக்டர் பறஞ்ஞது?” என்று கத்தினேன்.

அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “கரச்சில் மாறும் எந்நா பறஞ்ஞத். குட்டி மாறும் எந்நல்ல.” அழுகை மாறும் என்றுதான் சொன்னேன், குழந்தை மாறும் என்றல்ல.

தொண்டை வளர்ந்தால் ஒலி இயல்பாகும். இல்லாத துண்டு இல்லாததுதான். பிறகு அவரே, “எழுதித் தரணமாயிருந்நு, எனிக்கும் தெற்று பற்றி” என்றார். எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமாம். தவறு தனக்கும்தான் என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அதற்காக எங்களுக்குப் போன வருஷங்கள் திரும்பி வரவில்லை.

இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எது போகும், எது போகாது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். புரிந்ததை உங்கள் வீட்டுப் பேச்சில் அவரிடமே திருப்பிச் சொல்லிப் பாருங்கள். வெட்கப்பட்டால் நஷ்டம் குழந்தைக்கு.

இழுப்பறையிலிருந்து காகிதம் வெளியே வந்தது. கிடங்கிலிருந்து திரும்பியதும் கால் பயிற்சி அவர் பொறுப்பு. ஒருநாள்கூடத் தவறியதில்லை, அதையும் சொல்ல வேண்டும். தண்ணீர், சோறு, வலி என்று கைஜாடை கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. தண்ணீருக்கு மட்டும் ஏழு மாதம் ஆனது. ஆறு வயதில் சுவரைப் பிடித்து நடந்தாள். “எப்போ பேசுவா?” என்று கேட்காத வாய் இல்லை. டிரங்க் கால் பதிவு செய்தவர்களும் இப்படித்தான் உயிரை எடுப்பார்கள். லைன் கிடைக்கும்போது கிடைக்கும் என்று அவர்களுக்குச் சொல்வதையே இவர்களுக்கும் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன்.

சென்ற மழைக்காலத்தில், அவளுடைய எட்டு வயதில், ஒரு சாயங்காலம் வழக்கம்போல மடியில் சாய்த்துத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். சுமதி ஸ்பூனைப் பிடுங்கினாள். என் கையைத் தள்ளினாள்.

“போ” என்றாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் கணவர் அப்படியே நின்றார். “என்ன சொன்னா?”

“போங்கறா.”

“யாரை?”

“என்னைத்தான். வேற யாரை?”

எட்டு வருஷம் மாடாக உழைத்ததற்கு முதல் வார்த்தை இது. அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன. கிண்ணத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன். சோறு தரையில் சிந்துவது கேட்டது. திரும்பிப் போகவில்லை. எட்டு வருஷமாக அவள் முதுகைத் தாங்கியே வளைந்து பழகிய என் இடது கை, மடியில் சும்மா கிடந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.