அமெரிக்காவுக்கு நல்ல புத்தி கேட்ட ஞாயிறு

எங்கள் சித்தூர் சபையில் மன்றாட்டு ஜெபத்தை ஆளுக்கொரு வாரம் முறை வைத்துச் செய்வோம். நோயாளிகளுக்கு என்றால் பேர், ஆஸ்பத்திரி, வார்டு வரைக்கும் சொல்லி ஜெபிப்போம். உலக சமாதானம் என்று வந்துவிட்டால் மட்டும், "எல்லா தேசங்களுக்கும் நல்ல புத்தியைத் தாரும்" என்று பூசி மெழுகிவிடுவோம். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. எல்லோருக்குமா காய்ச்சல்?

என் முறை வந்த வாரம் பேப்பரில் ஒரு செய்தி. உலக அமைதிக்கு எந்த நாட்டால் ஆபத்து என்று பல நாட்டு மக்களைக் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டியிருந்தார்கள். நிறையப் பேர் வாயில் விழுந்தது அமெரிக்கா. சரி, நோயாளி யாரென்று தெரிந்துவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன். "ஆண்டவரே, அமெரிக்க தேசத்தைப் பிடித்திருக்கிற சண்டைக் குணத்தை நீக்கும்" என்று தொடங்கினேன். முன்வரிசையில் இருமல் கேட்டது. பிள்ளைகளை அங்கே அனுப்பியவர்கள். நான் நிறுத்தவில்லை.

ஆராதனை முடிந்து செருப்பைத் தேடுவதற்குள் போன். திருப்பதியில் வேலை பார்க்கும் என் மகள். எங்கள் ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகும்; எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"இன்னாம்மா பண்ணி வச்சிக்கீற? செவ்வாக்கெழம எனக்கு விசா இன்டர்வியூ! யூடியூபு, ஃபேஸ்புக்கு எல்லாத்தையும் தோண்டிக்கினு கீறாங்க அவங்கோ!"

"நல்ல புத்திதானே கேட்டேன்?"

"பேர் சொல்லிக் கேட்டியே! கீழ உன் பேரு வேற ஓடிக்கினு இருந்துச்சு. அம்மா பேருன்னு அதே பேருதான் என் அப்ளிகேஷன்லயும் கீது!"

இன்டர்வியூ எனக்குத் தெரியும். நான் கர்த்தரிடம் பேசுவதை அமெரிக்காக்காரன் ஒட்டுக்கேட்பான் என்று தெரியாது. அமெரிக்காவில் மேல்படிப்பு படிக்க வேண்டும் என்று அவள் தூக்கத்தையே விட்டவள். பயத்தோடு கோபமும் வந்தது. ஊர் உலகமே சொன்னதைத்தானே நானும் சொன்னேன்? பாஸ்டரிடம் ஓடினேன்.

"பர்லேதும்மா, ஒண்ணும் ஆவாது," என்றார். "ஜெபத்தத் திரும்ப வாங்க முடியாது. வீடியோவ வேணா வெட்டலாம்."

சபையில் வீடியோவைக் கவனித்துக்கொள்ளும் ரிட்டயர்டு வாத்தியார் வெட்டினார். வெட்டிய பிறகு பார்த்தால், நான் எழுந்து நிற்கிறேன், கண்ணை மூடுகிறேன், உடனே சபை மொத்தமும் "ஆமென்" என்கிறது. இத்தனை வருஷத்தில் நான் செய்த ஜெபங்களில் இதுதான் அருமை என்று பலமனேரிலிருந்து என் நாத்தனார் கூப்பிட்டுப் பாராட்டினாள்.

செவ்வாய்க்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரைத் திருத்தச் சொன்னேனோ, அவர்கள் மனசை இளக்கச் சொல்லி அதே கர்த்தரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

மதியம் இன்டர்வியூ முடிந்து சென்னையிலிருந்து மகள் கூப்பிட்டாள். "கெடச்சிடுச்சும்மா!" என்று கத்தினாள். நானும் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

"என் ஜெபத்தப் பத்தி எதுனா கேட்டாங்களா?"

"அத எவன் பாத்தான்? படிச்சி முடிச்சிட்டு ஊருக்குத் திரும்பி வருவியான்னு கேட்டான். வருவேன்னு சொன்னேன்."

அந்த ஆபீசர் நம்பிவிட்டார். என்னால்தான் நம்ப முடியவில்லை.