சுவர் பக்கம் திரும்பிப் படுத்த பாட்டு

ஆந்தோங் பக்கத்து ஆப்பிள் தோட்டக்காரி ஹுனாமுக்குத் தன் பெயரைச் சொல்லவே பிடிக்காது. ‘அடுத்தது ஆண்’ என்று அதற்குப் பொருள். பெண்ணாகவே பிறந்துகொண்டிருக்கும் வீட்டில் அப்படிப் பெயர் வைப்பார்கள். மூன்றாவதாகப் பிறந்த இவளுக்கும் வைத்தார்கள். அடுத்ததும் பெண்ணாகத்தான் பிறந்தது, அது வேறு கதை.

பெயரையாவது பொறுத்துக்கொண்டாள். அந்தப் பாட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் தங்கள் பாடுகளை நீளமான காகிதச் சுருள்களில் எழுதி வைத்து, உள்ளறையில் கூடி உட்கார்ந்து ராகம் போட்டு வாசிப்பார்கள். சிறுமியாக இருந்தபோது ஒரு நாள் அத்தை தன்னிடமிருந்த சுருளை எடுத்து வாசித்தாள்:

மூன்றாவதும் பெண்ணென்றார்,
முகம் பாராமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தேன்,
கடற்பாசிச் சாறு ஆறிப்போயிற்று.

கடற்பாசிச் சாறு, பிள்ளை பெற்றவளுக்குச் சூடாகக் கொடுப்பது. வாசித்துவிட்டு அத்தை ஹுனாமின் கன்னத்தைக் கிள்ளினாள். “கேட்டியாடி? உங்கம்மா எழுதின பாட்டு. எல்லாம் உன் கதைதான்!”

பெண்கள் சிரித்தார்கள். மூலையில் தைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை.

கல்யாணத்தின்போது அதே பாட்டைத் தன் கையால் ஒரு சுருளில் எழுதி, பெட்டியில் வைத்து அனுப்பினாள் அம்மா. போகிற இடத்துக்கும் இதுதான் சீரா என்று ஹுனாமுக்கு வயிறு எரிந்தது. சுருளைப் பெட்டியின் அடியில் தள்ளினாள். பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, புருஷனை அடக்கம் செய்து, தோட்டத்தை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தாள். தலை முழுக்க நரைத்த பிறகும் அதைப் பிரிக்கவில்லை. அம்மா செத்தபோது அழுதாள்தான். அந்த அழுகையிலும் பாதி கோபம்.

பெண்கள் எழுதிய சுருள்களைச் சேகரிக்க ஆவணக் காப்பகத்திலிருந்து யுன்பி என்ற பெண் ஊர் மன்றத்துக்கு வந்தாள். சனியன் ஒழிந்தால் சரி என்று ஹுனாம் தன்னுடையதையும் தூக்கிக்கொண்டு போனாள்.

“யாரு எழுதினதும்மா?” என்றாள் யுன்பி.

“எங்கம்மா. என்னைப் பெத்த துக்கத்தை ஊருக்குச் சொல்லி வச்சிருக்கா.”

யுன்பி சுருளின் நுனியைப் பிரித்தாள். பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த சுன்தொக் முதல் வரியை எட்டிப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தாள். “அடி போக்கா! இது எங்க மாமியார்கிட்டயும் இருந்துச்சு, எங்கம்மாகிட்டயும் இருந்துச்சு. ஒருத்தியப் பாத்து ஒருத்தி எழுதிக்கிறதுதானே? உங்கம்மாவும் அப்படித்தான் எழுதியிருப்பா.”

ஹுனாம் சுருளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அப்போ இது என் கதை இல்லையா?”

“யாரு கண்டா? வாசிங்க, நாங்களும் கூட வாசிக்கிறோம்.”

ஹுனாம் சுருளைப் பிரித்து ராகம் போட்டாள். சுருள் கொண்டுவந்திருந்த மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவதும் பெண்ணென்றார் என்றதும் பாட்டில் மன்றமே சுவர் பக்கம் திரும்பிப் படுத்தது. ஹுனாம் மட்டும் கடற்பாசிச் சாற்றுக்குப் போய்விட்டாள்.

“யக்கா, ஒரு வரிய முழுங்கிட்டீங்க,” என்றாள் ஒருத்தி.

“இல்லடி... இங்க இல்லையே.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இடைவெளியில்லை, அடித்தலில்லை. ‘பெண்ணென்றார்’ முடிந்த கையோடு ‘கடற்பாசி’ தொடங்கியிருந்தது.

“கை தவறி விட்டிருப்பா,” என்றாள் சுன்தொக்.

“எங்கம்மாவா? ஒரு தையல் கோணினாலே பிரிச்சுத் திரும்பத் தைக்கிறவ.”

“அப்போ வேணும்னேதான் விட்டிருக்கா.”

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள் ஹுனாம். வேண்டுமென்றே விட்டவள், அத்தை கன்னத்தைக் கிள்ளிய அன்று ஏன் வாயைத் திறக்கவில்லை? ஒருவேளை நிஜமாகவே திரும்பிப் படுத்திருந்து, அதை எழுதக் கூசினாளோ? இல்லை, ஒரு நாளும் திரும்பிப் படுக்கவே இல்லையோ? ஒன்றும் புரியவில்லை. கேட்டிருக்கலாம். ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். ஒரே ஒரு தடவை இதைப் பிரித்தாவது பார்த்திருக்கலாம்.

யுன்பி குறிப்பு அட்டையில் எழுதிக்கொண்டே சொன்னாள்: “ரெண்டாவது வரி விடுபட்டிருக்கு...”

“விடுபட்டதுன்னு போடாதேம்மா,” என்றாள் ஹுனாம். “அவ எழுதலைன்னு போடு.”

யுன்பி அடித்துத் திருத்தினாள். பிறகு சுருளுக்காகக் கையை நீட்டினாள்.

ஹுனாம் கொடுக்கவில்லை. மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். “அடுத்த வாரம் வா. நான் இன்னும் இதைப் படிக்கவே ஆரம்பிக்கலை.”