டப்பாவுக்குள் போன நாவல்

மின்நூலா, அச்சுப் புத்தகமா என்று காசுள்ளவர்கள் பேசும்போது எனக்கு எரிச்சல் வரும். அவர்களால் இரண்டையும் வாங்க முடியும். என் கையிருப்புக்கு மாதம் ஒன்றுதான்.

தாராவியில் ஒரு ரெடிமேட் பட்டறையில், தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டுவது எங்கள் வேலை. ஐந்து பெண்கள். சட்டைக்கு இவ்வளவு என்று கூலி. மற்ற நால்வருக்கும் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால் மதியத்துக்கு மேல் நான் சத்தமாக நாவல் வாசிப்பேன். என் பங்குச் சட்டைகளை அவர்கள் வெட்டிவிடுவார்கள். முதலாளி சேட்டும் கண்டுகொள்வதில்லை.

போன மழைக்காலத்தில் என் மகள், "அர்ரே அம்மா, காகிதத்துக்கு எதுக்குக் காசு? போன்ல பாதி விலைக்கு இருக்கு" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. வாங்கிவிட்டேன். மறுநாள் பட்டறை வாசலில்தான் உறைத்தது. புதுச் சட்டை மாடலை யாராவது படம் எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் சேட் எல்லார் போனையும் ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுவார். தினமும் என் கையாலேயே போனைப் போடும் டப்பா. நாவலும் அதற்குள் போய்விட்டது.

வீட்டில் வாசித்ததை அடுத்த நாள் வாயால் சொல்லிப் பார்த்தேன். எங்களில் மூத்தவள், எல்லோருக்கும் மைனி, கத்தரியைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, இது புஸ்தகத்துல உள்ளதா, நீ சேத்ததா?"

"புஸ்தகத்துல உள்ளதுதான் மைனி."

"அப்பம் ஏன் எல்லாவளும் உன்ன மாதிரியே ஏசுதாளுவ?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுநாள் என் பங்குச் சட்டைகள் என் முன்னாலேயே கிடந்தன. நான் கதை அளப்பதற்கு யார் வேலை செய்வார்கள்?

அதே நாவலை அச்சில் வரவழைக்க ஐவரும் காசு போட்டோம். தலைக்கு விழுந்த பங்கு, நான் மின்நூலுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. எனக்கு மட்டும் வாசிப்பதென்றால் இன்றும் போன்தான்; ஒற்றை அறை வீட்டில் புத்தகம் வைக்க இடமில்லை, மழைக்கு ஒழுகவும் செய்யும். ஐந்து பேருக்கென்றால் காகிதம்தான் மலிவு. இதைச் சொல்ல எந்த நிபுணரும் வேண்டாம்.

புத்தகம் வந்ததும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னார்கள். மருமகள் அழும் இடம் வந்தது. மைனி நிறுத்தினாள்.

"இந்த எடத்துல அவ மாமியா மேல தட்டத் தூக்கி எறிஞ்சான்னுல்லா சொன்ன?"

"எனக்குப் பொறுக்கல மைனி."

"பொறுக்கலன்னா வீட்டுல போயி எறி. இங்க உள்ளத வாசி" என்றாள், என் பங்குச் சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டே.